பிளஸ் டூ முடிந்தது, அடுத்து எங்கே?

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பப் பெற்றோர் செய்ய வேண்டியவை



குடும்ப நலம் என்றால் அளவான குடும்பம், தடுப்பூசி, தாய்ப்பால் இவை மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். பிறந்த பிள்ளை ஒவ்வொன்றும் வளர்ந்து, படித்து, தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வருவதும் குடும்ப நலம்தான். உடலில் குறை உள்ள பிள்ளைக்கும் இது பொருந்தும். சொல்லப்போனால், அந்தப் பிள்ளைக்குத்தான் அதிகம் பொருந்தும்.

ராயக்கோட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களில் கண் பார்வை குறைந்த பிள்ளையும், காது கேளாத பிள்ளையும், கால் நடக்க முடியாத பிள்ளையும் பள்ளிக்கூடம் போவது இப்போது புதுமை அல்ல. பத்தாவது தேறுகிறார்கள். பிளஸ் டூவும் தேறுகிறார்கள். அதற்குப் பிறகு என்ன நடக்கிறது? "இதுவரைக்கும் படிச்சது போதும். இனிமே எங்கே அனுப்பறது? யாரு கூடப் போறது?" என்று வீட்டோடு நிறுத்திவிடுகிறோம். கூடப் பிறந்தவர்கள் ஓசூருக்கு வேலைக்கும் கிருஷ்ணகிரிக்குக் காலேஜுக்கும் பஸ் ஏறுகிறார்கள். இந்தப் பிள்ளை திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. மார்க்கு குறைந்ததால் அல்ல, அடுத்த படி ஏறுவதற்கு நாம் முன்கூட்டியே ஏற்பாடு செய்யாததால்.

அந்த ஏற்பாடு என்ன, அதை எப்போது தொடங்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்தத் துண்டுப் பிரசுரம். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டாலும் சரி.

வீட்டில் நடக்கும் பேச்சு

பல வீடுகளில் நடக்கும் பேச்சு இப்படித்தான் இருக்கும்.

கணவர்: பொண்ணு பிளஸ் டூ பாஸ் பண்ணிட்டா, நர்ஸம்மா. ஆனா காலு ரெண்டும் சரியில்ல. காலேஜுக்கு அனுப்பி என்ன ஆகப் போவுது?

செவிலியர்: அண்ணா, கால் நல்லா இருக்கற பையனை எதுக்குக் காலேஜுக்கு அனுப்பினீங்க?

கணவர்: அவன் நாளைக்கு நாலு காசு சம்பாதிக்கணுமே!

செவிலியர்: அவன் படிக்காம போனாலும் மண்டியில தக்காளிப் பெட்டி தூக்கியாவது பிழைச்சுக்குவான். இவளால பெட்டி தூக்க முடியாது. அப்போ ரெண்டு பேர்ல படிப்பு யாருக்கு அதிகமா வேணும்? உக்காந்து செய்யற வேலைக்குப் படிப்புதானே முதல்?

மனைவி: நீங்க சொல்றது நெஜந்தாம்மா. ஆனா பஸ் ஏறணும், எறங்கணும். பாத்ரூம் போகணும். பொம்பளைப் புள்ள. தெனமும் கூடப் போக யாரு இருக்கா? எனக்குத் தோட்டத்து வேலை இருக்கு, மாடு கன்னு இருக்கு.

செவிலியர்: நியாயமான கவலைதாங்க்கா. ஒவ்வொண்ணுக்கும் வழி இருக்கு. ஆனா ரிசல்ட் வந்தப்புறம் யோசிச்சா நேரம் பத்தாது. ரெண்டு வருஷம் முன்னாடியே ஆரம்பிக்கணும்.

கணவர்: நாங்க இருக்கற வரைக்கும் அவளுக்குச் சோறு போட மாட்டோமா?

செவிலியர்: போடுவீங்க அண்ணா. உங்களுக்கு அப்புறம்?

இந்தக் கடைசிக் கேள்வியை ஒவ்வொரு தாயும் தகப்பனும் தங்களுக்குள்ளேயே கேட்டுப் பார்க்க வேண்டும். வீடும் நிலமும் விட்டுப் போகலாம். அவற்றைப் பங்கு போட ஆள் வருவார்கள். படிப்பை யாரும் பங்கு கேட்க முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிள்ளைக்குக் குறை இருப்பதற்குத் தாயைப் பழிப்பதும், "போன ஜென்மத்துப் பாவம்" என்று பேசுவதும் தவறு. அதே போல, பெண் பிள்ளையாக இருந்தால் "எவனாவது கிடைச்சா கட்டிக் கொடுத்துடலாம்" என்று அவசரப்படுவதும் தவறு. பதினெட்டு வயது ஆகாத பெண்ணுக்குத் திருமணம் செய்வது சட்டப்படிக் குற்றம். பதினெட்டு ஆன பிறகும், கையில் படிப்பும் வருமானமும் உள்ள பெண்ணுக்குப் புகுந்த வீட்டில் கிடைக்கும் மரியாதையே வேறு.

பள்ளிக்கும் கல்லூரிக்கும் என்ன வித்தியாசம்?

இதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் உதவி பிள்ளையைத் தேடி வந்தது. கல்லூரியில் பிள்ளைதான் உதவியைத் தேடிப் போய்க் கேட்க வேண்டும்.

பள்ளியில் வாத்தியாருக்குப் பிள்ளையைச் சிறு வயதிலிருந்தே தெரியும். வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வந்து பார்த்தார். பொதுத் தேர்வில் கூடுதல் நேரத்துக்கும், சொல்வதை எழுதுபவருக்கும் தலைமையாசிரியரே விண்ணப்பம் அனுப்பினார். கல்லூரியில் வாத்தியார் எல்லாரும் புதியவர்கள். மணிக்கு ஒரு வகுப்பு, ஒவ்வொன்றும் வேறு அறை, சில சமயம் வேறு மாடி. வகுப்பில் அறுபது பேருக்கு நடுவில் ஒரு பிள்ளைக்கு இடது காது கேட்கவில்லை என்பது, அந்தப் பிள்ளை சொன்னால் ஒழிய யாருக்கும் தெரியாது. வெட்கப்பட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் பாடம் காதில் விழாது. முதல் பருவத் தேர்வில் தவறிவிடும். பிறகு "எனக்குப் படிப்பு வராது" என்று நின்றுவிடும். படிப்பு வராமல் நின்றதல்ல அது, வாய் திறந்து கேட்காததால் நின்றது.

பாராத பயிரும் கேளாத கடனும் பாழ் என்பது நம் ஊர்ப் பழமொழி. கேளாத உதவியும் அப்படித்தான்.

ஆகையால் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு நீங்கள் கற்றுத்தர வேண்டிய முதல் பாடம், தன் குறையைத் தானே நாலு வார்த்தையில் சொல்லத் தெரிவது. "ஐயா, எனக்கு வலது கண்ணில் பார்வை இல்லை. முன் பெஞ்சில் உட்கார அனுமதி வேண்டும். எழுத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொடுத்தால் படிப்பேன்." இவ்வளவு போதும். எனக்கு என்ன குறை, அதனால் எது கடினம், எது செய்து தந்தால் சரியாகும் என்ற மூன்றையும் கூச்சமில்லாமல் சொல்லப் பழக வேண்டும். இதை வீட்டில் பழக்குங்கள். டாக்டரிடம் போனால் நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். பிள்ளையையே பேச விடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

யாரும் தயவு செய்து கொடுப்பதல்ல இது, உரிமை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ஆம் ஆண்டு நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. முன்பிருந்த 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைகள்தான் இருந்தன. இப்போது 21 வகைகள் உள்ளன. கண், காது, கை கால் மட்டுமல்ல, எழுத்துக் கூட்டிப் படிப்பதில் சிரமப்படும் கற்றல் குறைபாடு, தலசீமியா, ரத்தம் உறையாத நோய், மனநோய், தசைச் சிதைவு நோய் ஆகியவையும் இதில் அடங்கும். "எம் புள்ளைக்கு வெளியே பாத்தா ஒண்ணும் தெரியாது" என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

குறை 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாகச் சான்று பெற்றவர்களுக்குச் சட்டம் தரும் முக்கிய உரிமைகள் இவை:

1. 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி.

2. அரசுக் கல்லூரிகளிலும், அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் 100 இடத்துக்கு 5 இடத்துக்குக் குறையாமல் ஒதுக்கீடு. 60 இடம் உள்ள வகுப்பில் 3 இடம் என்று கணக்கு.

3. கல்லூரியில் சேர வயது உச்சவரம்பில் 5 ஆண்டுச் சலுகை. இடையில் ஆபரேஷன், சிகிச்சை என்று இரண்டு வருடம் போய்விட்டாலும் கதவு மூடிவிடவில்லை.

4. அரசு வேலையில் 100-க்கு 4 இடம் ஒதுக்கீடு.

இந்த 5 சதவீத இடங்களைக் கல்லூரிகள் கட்டாயம் ஒதுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தது. தேர்வைப் பொறுத்தவரை, மத்திய அரசின் வழிகாட்டுதல்படி எழுத்தருக்கும் கூடுதல் நேரத்துக்கும் தகுதி உள்ளவருக்கு மணிக்கு 20 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் சேரும். ஆனால் இது தானாக வராது. கல்லூரியில் சேர்ந்தவுடனே முதல்வர் வழியாக எழுத்து மூலம் கேட்டு வைக்க வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்து அரசு கலைக் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. ஆகவே விண்ணப்பம் அங்கே போய்த் திரும்பி வர நாளாகும். பரீட்சைக்கு முதல் நாள் கேட்டால் கிடைக்காது.

நம் பக்கத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழில் படித்த பிள்ளைகள் நிறைய உண்டு. எழுத்தர் வேண்டும் என்று கேட்கும்போது, பிள்ளை எந்த மொழியில் தேர்வு எழுதுகிறதோ அந்த மொழியைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவராக வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

எந்த வகுப்பில் என்ன செய்ய வேண்டும்?

பத்தாம் வகுப்பில்: சான்றிதழைச் சரிபாருங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும், மத்திய அரசின் யு.டி.ஐ.டி. அட்டையும் இருக்கிறதா? பெயரும் பிறந்த தேதியும் ஆதாரிலும் பள்ளிச் சான்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா? சில சான்றிதழ்கள் சில ஆண்டுகளுக்கு மட்டும் செல்லும். தேதி முடிந்திருந்தால் புதுப்பியுங்கள். கிருஷ்ணகிரியில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் கேட்கலாம். குறையின் அளவை மருத்துவக் குழு சோதித்துத்தான் சதவீதம் எழுதும். கடைசி நேரத்தில் ஓடினால் கலந்தாய்வுத் தேதி தாண்டிவிடும்.

பதினொன்றாம் வகுப்பில்: வீட்டிலேயே கல்லூரிக்கான ஒத்திகையைத் தொடங்குங்கள். காலையில் தானே எழுந்து, குளித்து, துணி உடுத்தி, பையை எடுத்து வைக்கட்டும். நேரம் கூட ஆனாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் நீங்கள் செய்துவிடுவதை அது அரை மணியில் செய்தாலும், அந்த அரை மணிதான் அதற்குப் படிப்பு. ராயக்கோட்டைச் சந்தைக்குத் தனியாகப் போய் ஒரு சாமான் வாங்கி, சில்லறை எண்ணி வாங்கி வரட்டும். ஒரு நாள் நீங்கள் பின்னால் உட்கார்ந்துகொண்டு, பிள்ளையே கண்டக்டரிடம் பேசிக் கிருஷ்ணகிரி போய்வரட்டும்.

கைப்பேசியையும் இதற்குப் பயன்படுத்தலாம். பார்வையில்லாத பிள்ளைக்குத் திரையில் உள்ள தமிழ் எழுத்தைப் படித்துச் சொல்லும் வசதி இன்றைய கைப்பேசிகளிலேயே உள்ளது. கம்ப்யூட்டருக்கு என்.வி.டி.ஏ. என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இரண்டு இளைஞர்கள் 2006-இல் தொடங்கி, தங்களைப் போன்றவர்களுக்காகச் செய்து கொடுத்தது அது. விடுமுறையில் இதைப் பழகிக்கொண்டால் கல்லூரிப் புத்தகம் சுமையாகத் தோன்றாது.

பன்னிரண்டாம் வகுப்பில்: என்ன படிக்கலாம் என்று பிள்ளையிடமே கேளுங்கள். "கண்ணு தெரியாதவனுக்குத் தமிழ்தான், கால் இல்லாதவனுக்குக் கம்ப்யூட்டர்தான்" என்று நாமே முடிவு கட்டக் கூடாது. காது கேளாதவர்களுக்காகச் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் 2007-இல் தனியாகத் தொடங்கப்பட்டன. பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. படிப்புகளும் உண்டு. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வீட்டிலிருந்தே படிக்கலாம். ஆனால் வெளியே அனுப்பப் பயந்துகொண்டு மட்டும் அஞ்சல் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். கல்லூரியில் பாடம் பாதி, பழக்கம் பாதி. நாலு பேரோடு பேசிப் பழகுவதும் பிழைப்புக்கு வேண்டிய கல்விதான்.

ரிசல்ட் வந்த பிறகு அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் படிவத்தில் மாற்றுத்திறனாளியா என்று கேட்கும் இடத்தில் "ஆம்" என்று குறிக்கத் தவறாதீர்கள். சிறப்புப் பிரிவினருக்கான கலந்தாய்வு பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே நடந்து முடிந்துவிடும். அந்தத் தேதியை விட்டுவிட்டால் ஒதுக்கீட்டு இடம் கை நழுவிப் போகும்.

சேருமுன் ஒரு முறை போய்ப் பாருங்கள்

மாட்டை வாங்குமுன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். பிள்ளை மூன்று வருடம் படிக்கப் போகும் இடத்தைப் பார்க்க வேண்டாமா? தாயோ தகப்பனோ ஒருவர் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய் இவற்றைக் கவனியுங்கள்:

– பஸ் நிற்கும் இடத்திலிருந்து வகுப்பு வரை எவ்வளவு தூரம்? இடையில் சாலையைக் கடக்க வேண்டுமா?

– வாசலில் சாய்தளம் உண்டா, படி மட்டும்தானா? வகுப்பு மாடியில் என்றால் கீழ்த்தளத்துக்கு மாற்றித் தருவார்களா?

– சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை உண்டா? அதில் தண்ணீர் வருகிறதா? பூட்டி வைத்திருக்கிறார்களா, திறந்திருக்கிறதா?

– மாற்றுத்திறனாளி மாணவர்களைக் கவனிக்கும் ஆசிரியர் யார்? சில கல்லூரிகளில் இதற்குச் சமவாய்ப்பு மையம் என்றே ஒன்று இருக்கும்.

– முன்பே அங்கே படிக்கும் மாற்றுத்திறனாளி மாணவர் யாராவது உண்டா? அவரிடம் ஐந்து நிமிடம் பேசினால் ஐம்பது விஷயம் தெரியும்.

கல்லூரிக் கட்டடங்கள் எல்லாரும் புழங்கும்படி எப்படி இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. ஆகவே சாய்தளம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. கேளுங்கள். வாயால் கேட்டுக் கிடைக்காவிட்டால் தாளில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அதற்கும் பலன் இல்லை என்றால் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம்.

பணத்துக்கும் பயணத்துக்கும் வழி

"செலவுக்கு எங்கே போறது?" என்று மலைக்க வேண்டாம். மாநில மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மூலம் ஆண்டுதோறும் கல்வி உதவித்தொகை உண்டு. பார்வையற்ற மாணவருக்குப் பாடம் படித்துச் சொல்பவருக்காக வாசிப்பாளர் உதவித்தொகையும் உண்டு. மத்திய அரசின் உதவித்தொகைக்குத் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2½ லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பொறியியல், பாலிடெக்னிக் போன்ற படிப்புகளில் முதல் வருடம் சேருவோருக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் சக்ஷம் உதவித்தொகை உள்ளது. ஆண்டுக்கு 50,000 ரூபாய். அதற்குக் குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் போதும்.

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-லும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் தொடங்கப்பட்டன. கல்லூரி அலுவலகத்தில் இவற்றைப் பற்றியும், கட்டணச் சலுகை பற்றியும் சேரும் அன்றே கேளுங்கள். பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு, வருமானச் சான்று, சாதிச் சான்று ஆகியவை முன்பே தயாராக இருக்கட்டும்.

படிக்கும் இடத்துக்குப் போய்வர அரசு பஸ்ஸில் இலவசப் பயண அட்டை வாங்கலாம். 2021-இல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசப் பயணம் கொண்டுவரப்பட்டது. ராயக்கோட்டை ரயில் நிலையம் வழியாக ஓசூர், பெங்களூர் பக்கமும் தர்மபுரி, சேலம் பக்கமும் போகலாம். ரயிலிலும் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. அதற்கு ரயில்வேயின் சலுகை அட்டை தனியாக வாங்க வேண்டும். கால்கள் பாதிக்கப்பட்ட கல்லூரி மாணவர்கள் பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டருக்கும் துறையிடம் விண்ணப்பிக்கலாம்.

எல்லைப் பகுதியில் இருக்கும் நமக்கு ஒரு எச்சரிக்கை. பெங்களூரில் காலேஜ் பக்கம்தானே என்று சேர்ப்பவர்கள் உண்டு. யு.டி.ஐ.டி. அட்டை இந்தியா முழுவதும் செல்லும். ஆனால் தமிழ்நாட்டு பஸ் பாஸும், மாநிலச் சலுகைகளும் கர்நாடகத்தில் அப்படியே கிடைத்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டு பக்கமும் விசாரித்த பிறகு முடிவு செய்யுங்கள்.

உடல் நலத்தை மறவாதீர்கள்

கல்லூரியில் கழிப்பறை வசதி இல்லையென்று காலையிலிருந்து மாலை வரை தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பிள்ளைகள் உண்டு, முக்கியமாகப் பெண் பிள்ளைகள். சிறுநீரை அடக்குவதாலும் தண்ணீர் குறைவதாலும் நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வரும். அடிக்கடி வந்தால் சிறுநீரகத்தையே பாதிக்கும். பிள்ளையிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். கழிப்பறைச் சாவிக்கும் துணைக்கும் முதல் வாரமே ஏற்பாடு செய்யுங்கள். மாதவிலக்கு நாட்களில் துணியோ நாப்கினோ மாற்ற வசதி உண்டா என்பதைத் தாய் கேட்டு வைக்க வேண்டும்.

சக்கர நாற்காலியில் நாள் முழுவதும் உட்காரும் பிள்ளைக்குப் புட்டத்தில் புண் வரலாம். உணர்ச்சி குறைந்த இடமானால் வலியும் தெரியாது. அரை மணிக்கு ஒரு முறையாவது கைகளை ஊன்றி உடம்பைச் சற்றுத் தூக்கி இறக்கப் பழக்குங்கள். தினமும் இரவில் தோலைப் பாருங்கள். சிவந்திருந்தாலே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். காது மெஷினுக்கு மாற்று பேட்டரி பையில் இருக்கட்டும். வலிப்பு மாத்திரை, மனநல மாத்திரை சாப்பிடுபவர் கல்லூரி நேரம் மாறியதால் வேளை தவறக் கூடாது. வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு நண்பருக்காவது சொல்லி வைக்க வேண்டும்.

முதல் மூன்று மாதம்தான் கஷ்ட காலம். கேலி செய்பவர்களும் இருப்பார்கள். பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, "இனிமே போக மாட்டேன்" என்கிறது என்றால் திட்டாதீர்கள். "அப்பவே சொன்னேனே" என்றும் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து என்ன நடந்தது என்று கேளுங்கள். கேலி எல்லை மீறினால் ராகிங் என்றே புகார் கொடுங்கள். மனச்சோர்வு அதிகமானால் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக மனநல ஆலோசனை கேட்கலாம்.

பெற்றோர் துணை நின்றதால் படித்தவர்கள்

ராயக்கோட்டையிலிருந்து ரயில் ஏறினால் சேலம். அந்த மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்தவர் மாரியப்பன் தங்கவேலு. 5 வயதில் பள்ளிக்குப் போகும்போது பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. தாயார் செங்கல் சுமந்தும் காய்கறி விற்றும் பிள்ளைகளை வளர்த்தார். மாரியப்பன் சேலத்தில் ஒரு கல்லூரியில் பி.பி.ஏ. படித்தார். 2016-இல் ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றார். பதக்கம் எல்லாருக்கும் கிடைக்காது. ஆனால் காய்கறி விற்ற அந்தத் தாய் பிள்ளையின் படிப்பை நிறுத்தவில்லையே, அதை நம் ஊர்த் தாய் ஒவ்வொருவரும் செய்ய முடியும்.

சென்னையைச் சேர்ந்த பெனோ செஃபின் பிறவியிலேயே பார்வையற்றவர். தாயார் புத்தகங்களையும் செய்தித்தாள்களையும் வாசித்துச் சொல்லச் சொல்லக் கேட்டுப் படித்தார். கல்லூரி முடித்து, 2015-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். முழுமையாகப் பார்வையற்றவர்களில் அந்தப் பணியில் சேர்ந்த முதல் ஆள் அவர்தான்.

அமெரிக்காவில் எட் ராபர்ட்ஸ் என்பவருக்கு 1953-இல், 14 வயதில், இளம்பிள்ளை வாதம் வந்து கழுத்துக்குக் கீழே செயல் இழந்தது. உடற்பயிற்சி வகுப்பும் கார் ஓட்டும் வகுப்பும் முடிக்கவில்லை என்று பள்ளி அவருக்குச் சான்றிதழ் தர மறுத்தது. அவரும் தாயாரும் விடாமல் மேலிடத்தில் முறையிட்டு வாங்கினார்கள். 1962-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். "இவரால் வேலை செய்ய முடியாது" என்று ஒரு காலத்தில் சொன்ன அதே மாநில மறுவாழ்வுத் துறைக்கு 1975-இல் இயக்குநர் ஆனார்.

மூன்று ஊர், மூன்று குடும்பம். மூன்றிலும் ஒரு தாய் துணை நின்றிருக்கிறார். மூன்றிலும் படித்தது பிள்ளைதான். துணை நில்லுங்கள், ஆனால் பிள்ளை செய்ய வேண்டியதை நீங்களே செய்துவிடாதீர்கள்.

எல்லாப் பிள்ளைக்கும் கல்லூரிதான் என்பதில்லை. அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைக்குக் கைத்தொழில் பயிற்சி பொருத்தமாக இருக்கலாம். அதுவும் மரியாதையான வழிதான். அதையும் பள்ளி முடியுமுன் சிறப்பாசிரியரிடம் கேட்டுத் தேடுங்கள். திண்ணை மட்டும் முடிவாக இருக்கக் கூடாது.

மறவாதீர்கள்!

1. பத்தாவதிலேயே சான்றிதழும் அட்டையும் சரியாக இருக்கட்டும்.

2. தன் குறையையும் தன் தேவையையும் தானே சொல்லப் பிள்ளையைப் பழக்குங்கள்.

3. விண்ணப்பத்தில் சிறப்புப் பிரிவைக் குறியுங்கள், கலந்தாய்வுத் தேதியை விடாதீர்கள்.

4. சேருமுன் கல்லூரியையும் கழிப்பறையையும் நேரில் பாருங்கள்.

5. தேர்வுச் சலுகையைச் சேர்ந்தவுடனே எழுதிக் கேளுங்கள்.

6. முதல் மூன்று மாதம் பிள்ளையின் உடலையும் மனதையும் கவனியுங்கள்.

மேலும் விவரம் வேண்டுவோர் தங்கள் கிராம சுகாதாரச் செவிலியரையோ, பள்ளித் தலைமையாசிரியரையோ, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தையோ அணுகலாம். இதைப் படித்து முடித்ததும் பெட்டியில் வைத்துப் பூட்டாதீர்கள். பக்கத்து வீட்டில் இப்படி ஒரு பிள்ளை பத்தாவது படித்துக்கொண்டிருந்தால் அவர்களிடம் கொடுங்கள்.